பிடித்தது, எடுத்தது, விழுந்தது

சென்ற தை மாதம் எங்கள் குடும்பத்தில் நடந்த ஒரு திருமணத்தில், எண்பது வயதைக் கடந்த என் பெரியம்மா மணமக்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, எதிரே கேமராவுடன் மண்டியிட்டிருந்த இளைஞரிடம், "புடிச்சாச்சா தம்பி?" என்று கேட்டார். எதைப் பிடிக்கச் சொல்கிறார் என்று தெரியாமல் அந்தத் தம்பி விழிக்க, அருகில் இருந்த என் தங்கை மகள், "போட்டோ எடுத்தாச்சான்னு கேக்குறாங்கண்ணா" என்று தமிழிலிருந்து தமிழுக்கே மொழிபெயர்த்தாள். அவர் சிரித்துக்கொண்டே, "ஷூட் முடியல பாட்டி, கொஞ்சம் இருங்க" என்றார். ஒரே காரியத்துக்கு மூன்று பேரிடமிருந்து மூன்று சொற்கள் அரை நிமிடத்துக்குள் காதில் விழுந்தன. அன்று பந்தியில் உட்கார்ந்தபோதும் அவை என் காதைவிட்டுப் போகவில்லை.

எனக்கு இந்தச் சொற்களோடு பழைய பழக்கம் உண்டு. பெரியம்மாவின் கணவர், அதாவது என் பெரியப்பா, மன்னார்குடியில் ஒரு சிறிய ஸ்டூடியோ வைத்திருந்தார். எண்பதுகளில் பள்ளிக்கூட விடுமுறை முழுவதும் நான் அங்கேதான் கிடப்பேன். பிலிம் சுருட்டி வைப்பது, ஈரப் படங்களைக் கிளிப்பில் தொங்கவிடுவது, பாஸ்போர்ட் சைஸ் படங்களை வெட்டி எட்டு காப்பி எட்டு காப்பியாக உறையில் போடுவது ஆகியவை என் வேலைகள். ஆகவே நான் இங்கே எழுதப்போவதில் பெரும்பகுதி அகராதியில் பார்த்ததன்று, அந்தக் கடையில் கேட்டது.

தமிழில் எழுதுகிறவர்கள் பெயர்ச்சொல்லைப் பற்றித்தான் அதிகம் சண்டையிட்டிருக்கிறார்கள். புகைப்படமா, நிழற்படமா, ஒளிப்படமா என்பது அந்த வழக்கு. 1839ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஆங்கில விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் இலண்டன் ராயல் சொசைட்டியில் 'போட்டோகிராபி' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். அது கிரேக்கத்தில் ஒளியையும் எழுதுதலையும் குறிக்கும் இரண்டு வேர்களால் ஆனது என்பதால், ஒளிப்படம் என்பதே சரியான ஆக்கம் என்பது ஒரு தரப்பு. புகைப்படத்தின் தரப்பினர் வெளிச்சப் பொடியைச் சாட்சிக்கு அழைப்பார்கள். 1887இல் ஜெர்மனியில் அடால்ஃப் மீத்தே, யோஹன்னஸ் கேடிக்கே ஆகிய இருவர் மக்னீசியத் தூளுடன் பொட்டாசியம் குளோரேட்டைக் கலந்து உருவாக்கிய அந்தப் பொடியைக் கொளுத்தினால், கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்துடன் அறை முழுக்க வெண்புகையும் கிளம்பும். அதைப் பார்த்தவர்கள் வைத்த பெயர் என்பார்கள். வேறு சிலர் இன்னும் பின்னே போய், டாகுர் என்ற பிரெஞ்சுக்காரரின் டாகுரோடைப் முறை வழங்கிய தொடக்கக் காலத்தில் வெள்ளித் தகட்டுக்கு முதலில் அயோடின் ஆவியையும் பிறகு பாதரச ஆவியையும் காட்டியதை நினைவூட்டுவார்கள். இரண்டும் பெயர் நிலைத்த பிறகு தேடிப் பிடித்த காரணங்களாகவே எனக்குப் படுகின்றன. பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் சாம்பல் சாயலைப் பார்த்தால் யாரோ புகையால் எழுதியது போல இருக்கிறது என்று பெரியப்பா சொல்வார். எனக்கு அந்த விளக்கம் பிடிக்கும், ஆனால் பிடிப்பது வேறு, நிரூபணம் வேறு.

நிழற்படம் என்ற சொல்லுக்குத்தான் அநியாயம் நடந்திருக்கிறது என்பது என் கட்சி. ஒளி தடுக்கப்பட்ட இடமே நிழல், படமோ ஒளி பட்ட இடத்தில் உண்டாவது, ஆகவே அச்சொல் தவறு என்று அறிவியல் படித்தவர்கள் வாதிடுவார்கள். ஆனால் பழந்தமிழில் நிழல் என்பது இருட்டை மட்டும் குறித்ததில்லை. கண்ணாடியிலும் நீரிலும் தெரியும் உருவமும் நிழல்தான். அகநானூறு கண்ணாடியை 'நிழல்காண் மண்டிலம்' என்கிறது. ஹம்பி விருபாட்சர் கோயிலில் கோபுரத்தின் உருவம் ஒரு சிறு துளை வழியே புகுந்து உள்சுவரில் தலைகீழாகத் தெரியும். அது முழுக்க முழுக்க ஒளியால் ஆன உருவம். கேமராவின் இருட்டுப் பெட்டிக்குள் நடப்பது எதுவோ அதுவேதான் அங்கும் நடக்கிறது. ஆனாலும் பார்த்துவிட்டு வரும் நம் ஊர்க்காரர்கள், "கோபுரத்தோட நெழல் தலைகீழா விழுது" என்றே சொல்கிறார்கள். சிங்களத்தில் போட்டோவுக்கு 'சாயாரூப', மராத்தியிலும் இந்தியிலும் 'சாயாசித்ர'. அவையும் நிழலின் வழியில் வந்த சொற்களே.

வழக்கு இப்படி நடந்துகொண்டிருக்க, தீர்ப்பை விண்ணப்பப் படிவங்கள் எழுதிவிட்டன. 'மார்பளவு புகைப்படம் ஒட்டவும்' என்ற வரியைப் படிக்காமல் தமிழ்நாட்டில் யாரும் பள்ளியிலோ வேலையிலோ சேர்ந்திருக்க முடியாது. 1993இல் தேர்தல் ஆணையம் தொடங்கிய வாக்காளர் அட்டையும் இங்கே 'புகைப்பட அடையாள அட்டை' என்றே வழங்கலாயிற்று. ஒளிப்படம் தோற்றபோதிலும் ஒளிப்பதிவு வென்றது. ஒவ்வொரு திரைப்படத்தின் தொடக்கத்திலும் அந்த எழுத்துகளைப் பார்த்துப் பார்த்தே மக்களுக்கு அது பழகிவிட்டது என்று நினைக்கிறேன். ஆனால் எங்கள் கடைக்கு வந்தவர்களில் ஒருவர்கூடப் புகைப்படம் என்றோ நிழற்படம் என்றோ சொன்னதில்லை. அவர்களுக்கு அது போட்டோ, அல்லது வெறும் படம். பெயரைக் கடன் வாங்குவதில் அவர்களுக்குக் கூச்சமே இருக்கவில்லை. வினைச்சொல்லை மட்டும் அவர்கள் கடன் வாங்கவில்லை. அதனால்தான் படமெடுக்கும் காரியத்தைத் தமிழ் எப்படி விளங்கிக்கொண்டது என்பதை வினைகளில் தேட வேண்டும் என்கிறேன்.

இன்று மிகப் பரவலாக இருப்பது 'எடு'. நகல் எடுக்கிறோம், ஜெராக்ஸ் எடுக்கிறோம், எக்ஸ்ரே எடுக்கிறோம், தையல்காரர் அளவு எடுக்கிறார், கல்வெட்டறிஞர்கள் கல்லின் மேல் தாளை ஒட்டி மை ஒற்றிப் படி எடுக்கிறார்கள். இந்த எடுத்தல்களில் எல்லாம் மூலம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதன் உருவமோ கணக்கோ மட்டும் நம்மிடம் வந்து சேர்கிறது. படி எடுத்தலும் படம் எடுத்தலும் எவ்வளவு நெருங்கிய உறவினர் என்பதற்கு எங்கள் தஞ்சாவூரிலேயே சான்று இருக்கிறது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1858இல் பெரிய கோயிலுக்கு வந்து, விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டைத் துண்டு துண்டாகப் படமெடுத்து, 21 அச்சுகளை அடுத்தடுத்து ஒட்டி ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். அதைப் படம் என்பதா, படி என்பதா? இரண்டுக்கும் வினை ஒன்றே என்பதால் தமிழுக்கு அதில் குழப்பமில்லை.

'எடு' இலக்கணத்திலும் நுட்பமானது. "என்னைப் படமெடுத்தார்" என்றால் கேமராவை என் பக்கம் திருப்பினார் என்று பொருள். "என் படத்தை எடுத்தார்" என்றால் மேசைமேல் இருந்த என் படத்தைத் தூக்கிக்கொண்டு போனார் என்றுதான் எங்கள் தலைமுறைக்குப் பொருள்படும். ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் எழுதுகிறவர்கள் இப்போது இரண்டாவதை முதலாவதன் இடத்தில் போடத் தொடங்கியிருக்கிறார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்குத் திருட்டு நினைவே வருகிறது. 'படமெடுத்தல்' பாம்புக்கும் உரியது, தயாரிப்பாளருக்கும் உரியது என்பது தனி வேடிக்கை. "அவர் படமெடுத்து நொடித்துப்போனார்" என்றால் கேமராக் கடையில் கடன் வைத்தவர் என்று யாரும் நினைப்பதில்லை.

அதைவிட அழகானது 'கொள்' வந்து சேரும் இடம். "தலைவரைப் படமெடுத்தேன்" என்பதற்கும் "தலைவரோடு படமெடுத்துக்கொண்டேன்" என்பதற்கும் உள்ள தொலைவு கேமராவின் முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் உள்ள தொலைவு. முதலாவதில் நான் படத்துக்கு வெளியே நிற்கிறேன், இரண்டாவதில் உள்ளே நிற்கிறேன். பொத்தானை அழுத்தியவர் யாராக இருந்தாலும் கவலையில்லை. ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்கள் 2013இல் 'செல்ஃபி'யை ஆண்டின் சொல்லாக அறிவித்த பிறகு, இங்கே தாமி, சுயமி, தற்படம், தன்படம், தம்படம் என்று ஆளுக்கொரு சொல்லாக உருவாக்கினோம். எவரும் வீட்டில் பயன்படுத்தாத அந்தச் சொற்களை உருவாக்கிய நேரத்தில், 'கொள்' என்ற துணைவினையை ஒரு முறை நினைத்துப் பார்த்திருக்கலாம். கை நீட்டித் தானே எடுத்ததா, பிறர் எடுத்துத் தந்ததா என்ற வேறுபாட்டை அது காட்டாது என்பது உண்மையே. அந்த வேறுபாடு வேண்டுகிறவர்கள் செல்ஃபி என்றே சொல்லிவிட்டுப் போகட்டும்.

பெரியம்மாவின் சொல் 'பிடி'. அவர் வயதினர் எல்லோரும் போட்டோ பிடித்தவர்கள்தான். 'படப்பிடிப்பு' என்ற சொல்லில் அது இன்றும் சினிமாக்காரர்களிடம் உயிரோடு இருக்கிறது. பிடி என்றவுடன் மீன் பிடிப்பதும் திருடனைப் பிடிப்பதும் நினைவுக்கு வரும். ஆனால் எனக்கு அந்தச் சொல்லை விளக்கியது குழாயடி. ஒளி புகும் துளையான அப்பெர்ச்சர், ஒளி புகும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் ஷட்டர் ஆகியவற்றைப் பற்றி நான் முதன்முதலில் கேட்டபோது பெரியப்பா, "தண்ணி புடிக்கிற மாதிரிதான்டா. கொழாயப் பெருசா தொறந்தா சீக்கிரம் ரொம்பும், சிறுசா தொறந்தா நேரமாகும். கொடம் ஒண்ணுதான்" என்றார். துளையின் அளவை எஃப் 8 என்றும் திறந்திருக்கும் நேரத்தை நொடியின் 125இல் ஒரு பங்கு என்றும் வைத்தால் எவ்வளவு வெளிச்சம் பிலிமில் நிறையுமோ, அதே அளவுதான் அதைவிடச் சிறிய துளையான எஃப் 11இல் 60இல் ஒரு பங்கு வைத்தாலும் நிறையும் என்பதை நான் பின்னாளில் புத்தகத்தில் படித்தபோது, குடத்தை நினைத்துக்கொண்டேனே தவிரக் கணக்கை நினைக்கவில்லை. பாத்திரத்தை வைத்துக் காத்திருந்து வாங்கிக்கொள்ளும் அந்தப் பிடித்தல் வேட்டையிலிருந்து வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஆங்கிலத்துக்கோ அது வேட்டைதான். குறிபார்க்காமல் சட்டென்று சுடுவதற்கு வேட்டைக்காரர்கள் வைத்திருந்த 'ஸ்னாப்ஷாட்' என்ற சொல்லை 1860இல் அதே ஹெர்ஷல் கேமராவுக்குக் கொண்டுவந்தார். 1882இல் எத்தியேன் ஜூல் மாரே என்ற பிரெஞ்சுக்காரர், நொடிக்கு 12 படங்களை எடுக்கும் கருவியைத் துப்பாக்கி வடிவத்திலேயே செய்து, அதைத் தோளில் வைத்துப் பறக்கும் பறவைகளைக் குறிபார்த்தார். லோடு செய்வதும் ஷூட் செய்வதும் அந்த வழியில் வந்தவை. அந்தத் துப்பாக்கி தமிழுக்குள் நுழைய முடியவில்லை. 'சுட்ட படம்' என்று சொன்னால் நாம் முதலில் புரிந்துகொள்வது யாரோ ஒருவருடைய பக்கத்திலிருந்து அனுமதியில்லாமல் எடுத்துப் போட்ட படத்தையே. இணையத்தில் எழுதும் நண்பர்கள் சிலர் இந்த இரட்டைப் பொருளை வைத்து, "நான் சுட்டது, யாரிடமும் சுட்டதில்லை" என்று தங்கள் படங்களுக்குக் கீழே எழுதி மகிழ்வதுண்டு.

பிடிப்பதில் ஓர் அச்சமும் இருந்தது. போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்று நம்பிய பாட்டிமார்களை நான் கடையிலேயே பார்த்திருக்கிறேன். பேரன் வற்புறுத்தி அழைத்துவந்தாலும், பெட்டியைக் கண்டவுடன் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார்கள். இறந்தவரை 'படமாயிட்டார்' என்று சொல்லும் ஊரில், சுவரில் மாலையோடு தொங்குவதே படத்தின் வேலை என்று பார்த்துப் பழகியவர்களின் பயத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

இனி, எனக்கு மிகவும் பிடித்த வினைக்கு வருகிறேன். அது 'விழு'. "நீ இந்தப் படத்துல நல்லா விழுந்திருக்கே" என்ற வாக்கியத்தை வேற்றுமொழிக்காரர் எவருக்கும் எளிதில் விளக்க முடியாது. நிழல் விழுகிறது, வெயில் விழுகிறது, கண்ணாடியில் உருவம் விழுகிறது. அதே முறையில் பிலிமிலும் ஆள் விழுகிறார். எடுப்பதும் பிடிப்பதும் கேமராக்காரர் செய்யும் காரியங்கள், விழுவது தானாக நிகழ்வது. டாகுர் 1838இல் பாரிஸ் நகரத்துத் தெரு ஒன்றைத் தன் சன்னலிலிருந்து எடுத்த படம் உலகப் புகழ்பெற்றது. வண்டிகளும் மனிதர்களும் நெருக்கும் தெருவாயினும், பல நிமிடங்கள் தகட்டைத் திறந்து வைக்க வேண்டியிருந்ததால் நடமாடிய ஒருவரும் பதிவாகவில்லை. நடைபாதையோரம் காலணிக்கு மெருகேற்றிக்கொண்டு ஒரே இடத்தில் நின்ற மனிதர் ஒருவர் மட்டும் தெரிகிறார். தமிழில் சொன்னால், நின்றதால் அவர் விழுந்தார், நடந்தவர்கள் விழவில்லை. "ஆடாம நில்லுங்க, அப்பதான் விழுவீங்க" என்று பெரியப்பா குழந்தைகளிடம் சொன்னபோது, கீழே விழப்போகிறோம் என்று பயந்து அழுத குழந்தைகளும் உண்டு.

ஆங்கிலத்தில் 'போட்டோஜெனிக்' என்று சொல்லும் இடத்தில் நாம் இந்த விழுதலைத்தான் வைத்திருக்கிறோம். அந்த ஆங்கிலச் சொல்லும் தொடக்கத்தில் முகத்தைப் பற்றியதன்று. 1839இல் டால்பட் என்ற ஆங்கிலேயர் தம் தாள் படங்களை அப்படி அழைத்தபோது, ஒளியால் பிறந்தது என்பதே அதன் பொருள். நம்மவர்களோ, "அவளுக்குப் படம் நல்லா விழும், எனக்கு விழவே விழாது" என்று அதை ஜாதகத்தில் எழுதிய பலன் போலப் பேசுகிறார்கள். பாதி சமயங்களில் குறை வெளிச்சத்தில் இருக்கும், முகத்தில் இருக்காது.

யாரும் செய்யாமல் தானாக நிகழ்வது என்ற இந்த இலக்கணம் தொழிலில் எவ்வளவு உதவும் என்பதை எனக்குப் பதினான்கு வயதிலேயே கற்றுக்கொடுத்தது ஒரு காதுகுத்து. அன்று கேமராவில் பிலிம் போட்டவன் நான். சுருளின் நுனியை எதிர்ப்பக்கத்து உருளையில் சரியாகச் செருகாமல் மூடிவிட்டேன் போலும். எண் காட்டும் வட்டம் 1இலிருந்து 36 வரை ஒழுங்காக நகர்ந்தது. உள்ளே பிலிம் அசையவே இல்லை. அன்றிரவு கழுவிப் பார்த்தபோது, நுனியில் சற்றுக் கறுத்திருந்ததே தவிர மற்றதெல்லாம் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. மறுநாள் குழந்தையின் தாய்மாமன் கடைக்கு வந்தார். நான் உள்ளறையில் திரைக்குப் பின்னால் நின்றேன். பெரியப்பா, "படம் விழலைங்க" என்றார். எடுக்கத் தவறிவிட்டேன் என்றோ, பையன் பிலிமைத் தப்பாகப் போட்டுவிட்டான் என்றோ அவர் சொல்லவில்லை. மழை பெய்யவில்லை என்பது போலச் சொன்னார். வந்தவரும், "ஒண்ணுகூடவா விழலை?" என்று அதே வினையில் வருத்தப்பட்டார், யாரால் என்று கேட்கவில்லை. காதைத் திரும்பக் குத்த முடியாதே. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்கே போய், மொட்டைத் தலையில் மறுபடி சந்தனம் பூசி, குழந்தையை மாமன் மடியில் உட்காரவைத்து, கம்மல் ஏற்கெனவே போட்டிருந்த காதுக்குப் பக்கத்தில் ஆசாரியாரை ஊசியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி எடுத்தோம். முதல் நாள் வீறிட்டு அழுத குழந்தை அன்று ஊசியைப் பார்த்துச் சிரித்தது. அந்தச் சிரிப்புதான் இன்று அவர்கள் வீட்டு ஆல்பத்தில் இருக்கிறது.

அண்டை மொழிகளைக் கொஞ்சம் தொட்டுச் செல்கிறேன். மலையாளிகளும் நம்மைப் போலவே எடுக்கிறார்கள். தெலுங்கிலும் கன்னடத்திலும் உள்ளிருப்பதை வெளியே எடுக்கும் வினைதான் வருகிறது. இந்தியிலோ போட்டோவை இழுக்கிறார்கள். கோடு இழுப்பதற்கும் அங்கே அந்த வினையே. யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரிடம் 'படம் போட்டேன்' என்று சொல்லி நான் குழப்பியிருக்கிறேன். வரைவதை அவர்கள் படம் கீறுவது என்பார்கள், கேமராவைக் கமரா என்பார்கள், எடுப்பதில் மட்டும் எங்களுக்குள் வேறுபாடு இருக்கவில்லை.

திருமணத்துக்குத் திரும்புகிறேன். பெரியப்பா காலத்தில் படமெடுப்பவரின் முதல் வாக்கியம் "இங்க பாருங்க" என்பது. இந்தத் தம்பி மண்டபம் முழுக்க, "இங்க பாக்காதீங்க, நீங்க பாட்டுக்குப் பேசிட்டிருங்க" என்று சொல்லிக்கொண்டே போனார். கேண்டிட்டாம். கேட்டுக்கொண்டபடி இயல்பாக இருப்பது எங்கள் உறவினர்களுக்குக் கைவரவில்லை. பார்க்காதே என்று சொன்ன பிறகு எல்லோரும் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். அவருடைய பேச்சில் எடுப்பதும் பிடிப்பதும் அநேகமாக இல்லை. அவுட்டோர் ஷூட், கப்பிள் ஷூட், ட்ரோன் ஷாட் என்று எல்லாம் நிகழ்ச்சிகளின் பெயர்களாக இருந்தன. வினையே இல்லாமல் ஒரு தொழிலை ஒருவர் நாள் முழுக்கப் பேச முடியும் என்பதை அன்றுதான் கண்டேன்.

இரண்டு வாரம் கழித்துப் படங்கள் ஓர் இணைப்பாக வந்தன, நாலாயிரத்துக்கும் மேல். பெரியம்மாவிடம் கைப்பேசியில் தள்ளித் தள்ளிக் காட்டினேன். தம்மைத் தனியாக எடுத்திருந்த ஒன்றில் விரலை வைத்து நிறுத்தச் சொன்னார். யாரையோ பார்த்துச் சிரிக்கும்போது எடுத்தது. மூக்குத்திகூடத் தெளிவாக இருந்தது. வெகுநேரம் பார்த்துவிட்டு, "நல்லா விழுந்திருக்கேன்ல?" என்றார். பிறகு, "இதக் கழுவி ஒரு காப்பி வாங்கிட்டு வா" என்றார்.

கடைத்தெருவில் இப்போது இருட்டறை உள்ள ஸ்டூடியோ ஒன்றும் இல்லை. சிவப்பு விளக்கும் படம் கழுவும் ஹைப்போ ரசாயனத்தின் வாடையும் போய் இருபது ஆண்டுகளாகின்றன. ஜெராக்ஸ் கடையோடு சேர்ந்திருந்த ஒரு லேபில் படத்தை அனுப்பிவிட்டு, "இதைக் கழுவிக் கொடுங்க" என்று என் வாயிலும் அதே சொல் வந்துவிட்டது. கணினியின் முன்னால் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்து, "பிரிண்ட்டுதானே அங்கிள்? மேட்டா, கிளாஸியா?" என்று கேட்டாள்.